ஞாயிற்றுக்கிழமை மீன் வாடை

மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு ஸ்டோரில் பதினோரு வருஷம் குடியிருந்தோம். நடுவில் முற்றம், முற்றத்தில் கிணறு, சுற்றிலும் ஓர் அறையும் ஒரு சமையலறையுமாக எட்டுக் குடித்தனம். எல்லோருக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ். அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அங்கே இருந்தவர்கள் யாரையாவது இப்போது கல்யாண வீட்டில் பார்த்தால், "எத்தனை சாதி, எத்தனை பாஷை, ஒரே குடும்பமா இருந்தோமே" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நான் பாயசத்தைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுவேன். வாயைத் திறந்தால் நல்லதாக ஒன்றும் வராது.

கோவிலைச் சுற்றிய தெருக்கள் தலைமுறைகளாக ஒரே சமூகத்துக்காரர்களுடையவை. வக்கீல்கள், வாத்தியார்கள், பாட்டு சொல்லிக்கொடுப்பவர்கள். அறுபதுகளின் கடைசியில் அவர்களுடைய பிள்ளைகள் பம்பாய்க்கும் டில்லிக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். வீடுகளில் அறைகள் காலியாயின. இங்கே ஆட்சியும் மாறியது. அதுவரை மற்றவர்களை வாசல்படிக்கு அந்தப் பக்கமே நிறுத்திப் பேசிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர், அந்த வருஷம்தான் எல்லோரும் ஒரு தாய் மக்கள் என்று கண்டுபிடித்தார். அவர் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். கண்டுபிடித்ததை ஃபைல் போட்டு வைத்துக்கொள்வார். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், "எங்க ஸ்டோர் ஒரு குட்டி பாரதம்னா!" என்பார்.

குட்டி பாரதத்தில் அவரைத் தவிர ஒரு தெலுங்குக் குமாஸ்தா குடும்பம், மதுரையிலிருந்து வந்த சௌராஷ்டிரப் பட்டு வியாபாரி, ஓர் உடுப்பி ஓட்டல் சமையல்காரர், இன்னும் இரண்டு மயிலாப்பூர்க் குடும்பங்கள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த நாங்கள், கொல்லைப் பக்கம் ஒரு நர்ஸ். தெருவைப் பார்த்த முன்னறையில் திருவல்லிக்கேணி பாய் ஒருவர் தையல் மிஷின் போட்டிருந்தார். எல்லோரும் எல்லோரையும் மரியாதையாக வெறுத்தோம். நவராத்திரிக்கு எட்டு வீட்டுக்கும் அழைப்பு உண்டு. எட்டு வீட்டுச் சுண்டலும் எட்டு வீட்டுக்கும் போகும். மறுநாள் காலை பாத்திரம் தேய்க்க வருகிறவள் தூக்குச்சட்டி நிறைய அதே சுண்டலை வாங்கிக்கொண்டு போவாள். யாரும் யார் வீட்டுச் சுண்டலையும் வாயில் வைத்ததில்லை. இதற்குப் பெயர்தான் ஒரே குடும்பம்.

நாங்கள் அங்கே நுழைந்ததே பொய் சொல்லித்தான். அப்பாவுக்குத் தி.நகரில் எங்கள் ஊர்க்காரர் ஒருவருடைய ஜவுளிக்கடையில் வேட்டி செக்‌ஷன். எங்களை ஊரிலிருந்து கூட்டிவரும்வரை திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்தார். வீடு கேட்கப் போன அன்று காலைகூட அங்கே ஒரு கடையில் ஆட்டுக்கால் பாயா தின்றுவிட்டுத்தான் போனார். போகும் வழியில் கோவில் வாசலில் நின்று நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டார். வீட்டுக்காரர் நெற்றியைப் பார்த்துவிட்டுப் பாதிக் கேள்விகளை விட்டுவிட்டார். மீதி இருந்தது ஒன்றுதான்.

"கறி, மீனு, முட்டை?"

"தொடுறதில்ல சாமி."

"ஆத்துல?"

"அவளுக்கு அந்த வாடையே ஆகாது."

அவளுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, அந்த வாடை இல்லாமல் சோறு இறங்காது. தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. மயிலாப்பூரில் முதல் வருஷம் அவள் கத்தரிக்காயையும் வாழைக்காயையும் முறைத்துப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. கொஞ்ச தூரம் நடந்தால் கடற்கரை, அங்கே குப்பத்தில் கூடை கூடையாக மீன். குப்பத்துக் காற்றும் சாயங்காலமானால் எங்கள் முற்றம் வரைக்கும் வரும். ஆனால் அதைத் தாண்டி வீட்டுக்குள் எதுவும் வரக்கூடாது.

நர்ஸ் கோட்டயம் பக்கத்துக்காரி. கிறிஸ்தவர். முப்பது முப்பத்திரண்டு வயது, கல்யாணமாகவில்லை. நடந்து போகிற தூரத்தில் ஆஸ்பத்திரி. அவளிடமும் வீட்டுக்காரர் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். "கழிக்கும்", அதாவது சாப்பிடுவேன், என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஸ்டோரில் உண்மையைச் சொல்லி வீடு வாங்கியவள் அவள் ஒருத்திதான். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி, தினமும் காலையில் ஊசி போட ஆள் வேண்டியிருந்தது. அதனால் அவருடைய பரந்த மனசு இன்னும் கொஞ்சம் பரந்தது. கொல்லைச் சந்தைப் பார்த்துத் தனிக் கதவு உள்ள அறையை, மற்றவர்களைவிடக் கூடுதல் வாடகைக்குக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன் சமைக்கலாம். வீட்டில் விசேஷம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், அன்று கூடாது. அவள் ஒத்துக்கொண்டாள். சொன்ன சொல்லை ஒரு தடவைகூட மீறவில்லை.

அவள் அறைச் சுவரும் எங்கள் சமையலறைச் சுவரும் ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எதற்கோ எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அம்மா அந்தச் சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டாள். அம்மா ஏதேதோ மழுப்பினாள். பிறகு பொலபொலவென்று அழுதாள். நர்ஸ் சிரித்தாள், கிண்டலாக இல்லை. "இதுக்கு எந்துக்கு சேச்சி கரையணும்? ஞான் அடுப்பு பத்த வைக்கும்போ நீங்களும் வைங்கோ. ஒரே மணம்தானே, ஆரு பிரிச்சுப் பார்க்கப் போறா?" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மீன்காரம்மா கொல்லைச் சந்தில் வருவாள். நர்ஸ் தன் பேருக்கு இரண்டு பங்காக வாங்குவாள். மீன்காரம்மாவே அரிந்து கழுவிக் கொடுப்பாள். எங்கள் பங்கு தினசரித்தாளில் சுற்றி, என் தாவணிக்குள் ஒளிந்து வீட்டுக்கு வரும். நர்ஸ் அடுப்பைப் பற்ற வைத்ததும் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். அதற்குப் பிறகுதான் அம்மா குழம்பைக் கூட்டி வைப்பாள். வாடையெல்லாம் நர்ஸ் கணக்கு. முள்ளைக்கூடப் பொட்டலம் கட்டி அவள் வாசல் தொட்டியில்தான் போடுவோம். சாப்பிட்டுக் கையைச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டு அம்மா முற்றத்துக்குப் போய், மற்ற பெண்களோடு நின்று, "ஞாயித்துக்கெழம வந்தாப் போதும், தல வலிக்கி" என்பாள். நானும் பக்கத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பேன். மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. நர்ஸ் ஒரு நாளும் இதைச் சொல்லிக்காட்டவில்லை. அவளுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை என்று நினைக்கிறேன்.

நான் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்த வருஷம் அவள் ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள். ஊரிலிருந்து அவளுடைய அம்மா வருவதாக இருந்தது. அந்த அம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை, பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. இங்கே ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிடம் சொல்லி ஆபரேஷனுக்கு நாள் வாங்கியிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று ஒரு கயிற்றுக் கட்டில் வாங்கி அறையில் போட்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டு உட்கார்ந்து பார்க்கச் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீன்காரம்மா எட்டு மணிக்கு வந்தாள். அம்மா குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தாள். நான் கொல்லைச் சந்துக்குப் போனேன். நர்ஸ் கதவில் பூட்டு.

"இன்னா பாப்பா, நர்ஸம்மா வூடு பூட்டிக்கீது? டூட்டிக்குப் பூட்ச்சா?" என்றாள் மீன்காரம்மா. "உங்க பங்கு வஞ்சிரம் எட்த்தாந்துக்கீறேன். வோணுமா, இல்ல தூக்கினு போவட்டா?"

வஞ்சிரம் எங்களுக்கு எப்போதாவதுதான் வாய்க்கும். கூடைக்குள் அது வெள்ளி போலக் கிடந்தது. நர்ஸ் இல்லாமல் சமைக்கக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். "குடுங்க" என்றேன்.

அம்மா மசாலா அரைத்து, புளி கரைத்துத் தயாராக உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏட்டி, தட்டுனாளா?" என்று கேட்டாள்.

"தட்டிட்டாங்கம்மா" என்றேன்.

அன்று வீட்டுக்காரருடைய அப்பாவுக்குச் சிராத்தம். எங்களுக்குத் தெரியாது. அவர்கள் வீட்டில் மந்திரம் கேட்காத நாளே இல்லை, எதை எதற்கு என்று கண்டோம்? நர்ஸுக்கு மூன்று நாள் முன்பே வீட்டுக்கார மாமி சொல்லியிருந்தாள். அவளும் வம்பே வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். தான் தட்டாமல் நாங்கள் சட்டியை ஏற்ற மாட்டோம் என்று நினைத்திருப்பாள். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? நாங்கள்தான் தொடாதவர்கள் ஆயிற்றே.

பிராமணர்கள் இலையில் உட்கார்ந்து, நெய் விட்டுப் பிசைந்த நேரத்துக்குச் சரியாக எங்கள் குழம்பு கொதித்தது. சாஸ்திரிகளில் ஒருவர் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். சிராத்தத்தில் சாப்பிடுகிறவர் பாதியில் எழுந்தால், செத்துப்போனவரே பட்டினியாகப் போனதாக அர்த்தம். மாமி ஈரப் புடவையோடு முற்றத்துக்கு ஓடி வந்தாள். "கட்டேல போறவ! படிச்சுப் படிச்சுச் சொல்லிண்டே இருந்தேனே, இன்னிக்கு வேண்டாம் வேண்டாம்னு! பாவி, பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. எல்லோரும் நர்ஸ் வீட்டுச் சுவரைப் பார்த்தார்கள். எங்கள் கதவைப் பார்க்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் ஸ்டோர்ப் பூனை எங்கள் வாசலில்தான் உட்கார்ந்திருந்தது. ஏழு வீட்டு மூளையையும் சேர்த்தால் அந்தப் பூனைக்குக் காணாது.

அம்மா என்னைப் பார்த்தாள். என் முகத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு சட்டியை இறக்கி மூடினாள், சேலையைச் சரிசெய்துகொண்டாள், வெளியே போய் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லோரோடும் நின்றாள். "என்ன நாத்தம் இது, கொமட்டிக்கிட்டு வருது" என்றாள். நான் அவ்வளவு நல்ல நடிப்பை அதற்குப் பிறகு எந்த சபாவிலும் பார்க்கவில்லை.

மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் குழம்பை மூன்று பேரும் சாப்பிட்டோம். ருசியாக இருந்தது. நான் இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் நர்ஸ் வந்ததும் அவளை முற்றத்தில் நிற்கவைத்தார்கள். அவள் முதலில் புரியாமல் விழித்தாள். "எனிக்கு இன்னு பகல் முழுக்க டியூட்டியாணு. மாமி சொன்னதாலதானே டியூட்டி வாங்கினேன். ஆஸ்பத்திரியில போயிக் கேளுங்கோ" என்றாள்.

"வாசனை பொய் சொல்லுமா?" என்றார் வீட்டுக்காரர். "இந்த ஸ்டோர்ல மீன் திங்கறவா வேற யார் இருக்கா? நீயே சொல்லு."

அவள் சொல்லவில்லை. அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி எங்கள் வாசலைப் பார்த்தாள். அம்மா உள்ளே இருந்தாள், நான்தான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எங்களைக் கைகாட்டியிருந்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்று நான் பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். நம்பியிருப்பார்கள். சட்டியை இன்னும் கழுவியிருக்கவில்லை. நாங்களாகவே சொல்வோம் என்று அவள் காத்திருந்தாள் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அவள் எங்களை மனிதர்கள் என்று எண்ணியிருந்தாள், பாவம்.

அன்று ராத்திரி நான் அம்மாவிடம், "சொல்லிரலாம்மா" என்றேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். "சொல்லிட்டு? நம்மளும் சட்டி பானையத் தூக்கிக்கிட்டு நடுத்தெருவுல நிக்கவா?" என்றாள் அம்மா. அப்பா கடையில் துணி உதறுவதுபோலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நமக்கு எதுக்குடே இந்தச் சோலி" என்றார். எங்கள் சோலிதான் அது, முழுக்க எங்கள் சோலி. நான் பாயை விரித்துப் படுத்துத் தூங்கியும் விட்டேன்.

நர்ஸைக் காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரர் ஒருவர் வார்த்தை போதும். ஆனால் காலம் மாறியிருந்தது. ஒரு கிறிஸ்தவப் பெண்ணை மயிலாப்பூர்க்காரர் துரத்திவிட்டார் என்று பேர் வரக்கூடாதே என்று அவருக்குப் பயம். அதனால் குடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஒரு மனு கொடுக்க வேண்டும் என்று அவரே ஏற்பாடு செய்தார். மனுவை எழுத என்னைக் கூப்பிட்டார். "நோக்குத்தான் கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'பல மொழியினரும் பல மதத்தினரும் ஒற்றுமையுடன் வாழும் இவ்வில்லத்தின் அமைதிக்குக் குந்தகம் விளைவிக்கும்' என்று ஒரு வரி. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, கீழே கையெழுத்துக்கு நானே கோடும் போட்டுக் கொடுத்தேன்.

தெலுங்குக் குமாஸ்தா தெலுங்கில் போட்டார். போன வருஷம் அவர் குழந்தைக்கு டைபாய்டு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கண் விழித்தவள் அந்த நர்ஸ்தான். சமையல்காரர் கன்னடத்தில் போட்டார். சௌராஷ்டிரக்காரர், "எல்லாரும் போட்டா நானும் போடறேன்" என்று கடைசிவரை காத்திருந்து போட்டார். தையல்கார பாய் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை நான் கடையே தொறக்கறதில்லீங்களே" என்று இழுத்தார். வீட்டுக்காரர் கடையின் வாடகை ஒப்பந்தத்தைப் பற்றி ஏதோ விசாரித்தார். பாய் தமிழில் கையெழுத்துப் போடப் போனார். "உருதுலயே போடுங்கோ, பாக்க நன்னாருக்கும்" என்றார் வீட்டுக்காரர். என் அப்பா திருநீற்று நெற்றியோடு வந்து நான்காவது கோட்டில் போட்டார். அந்தப் பதினோரு வருஷத்தில் அந்த ஸ்டோர் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்றார்கள். தன் அம்மாவின் ஆபரேஷன் முடியும்வரை இருக்க விடுங்கள் என்று அவள் கேட்டாள். "எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு, நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்?" என்று வீட்டுக்காரர் மனுவைப் பிரித்துக் காட்டினார். இதைச் சொல்லிவிட்டு மறுநாள் காலை வழக்கம்போல அவளிடம் ஊசிக்குக் கையை நீட்டினார். அந்த மாதம் முழுக்க நீட்டினார். அவளும் ஊசியைக் கொதிக்க வைத்து, பஞ்சால் துடைத்துக் கவனமாகப் போட்டாள். நானாக இருந்தால் மழுங்கிய ஊசியாகத் தேடியிருப்பேன்.

டியூட்டி முடிந்து அவள் மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை, அடையாறு என்று டு-லெட் போர்டுகளைத் தேடி அலைந்தாள். தனி ஆள், நர்ஸ், மலையாளி, கிறிஸ்தவர், மீன் வேறு. மறுபடியும் எல்லா இடத்திலும் உண்மையையே சொன்னாள் போலிருக்கிறது. ஒருவரும் கொடுக்கவில்லை. கடைசியில் நர்ஸுகள் தங்கும் ஒரு விடுதியில் ஆறு பேர் இருக்கும் அறையில் ஒரு கட்டில் கிடைத்தது. வெளியாள் யாரையும் அங்கே தங்கவைக்க முடியாது. தன் அம்மா வரவேண்டாம் என்று ஊருக்குக் கடிதம் போட்டுவிட்டாள். கயிற்றுக் கட்டிலை மீன்காரம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

அவள் போன அன்று முற்றத்தில் யாரும் தலைகாட்டவில்லை. எல்லோருக்கும் உள்ளே அவசர வேலை இருந்தது. அம்மா என்னிடம், "நீ போயி ஒரு கை பிடி, பாக்கதுக்கு நல்லா இருக்காது" என்றாள். நான் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கி ரிக்‌ஷாவில் வைத்தேன். அவள் ஏறி உட்கார்ந்து, சேலை மடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை.

"மீன் நன்னாயிருந்ததோ மோளே?"

"நல்லா இருந்துச்சு" என்றேன். அவளிடம் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவள் தலையை ஆட்டினாள். ரிக்‌ஷா போய்விட்டது.

அந்த அறைக்கு வெங்காயம்கூடச் சேர்க்காத ஒரு குடும்பம் வந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேரும் வாழைக்காய்ப் பொரியலோடு உட்கார்ந்திருந்தோம். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு கண் கலங்கி, "அந்தப் பொம்பளைய நாம போக விட்டுருக்கக் கூடாதுங்க" என்றாள். கடைசியில் அவளுக்காவது உறைத்துவிட்டது, இனிமேல் நான் அழலாம், எல்லோரும் அழலாம் என்று நினைத்தேன்.

"இனி மீனுக்கு என்ன செய்ய?" என்றாள் அம்மா.

அப்பா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.